கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை தனியாகச் சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரிக் கடற்கரையில் செப்டம்பர் 10 அன்று காலையில் புறப்பட்டு, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பெரும்பாலும் பின்பற்றி, அக்டோபர் கடைசியில் ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்தேன். உடன் யாரும் வரவில்லை. பின்னால் துணை வண்டியும் இல்லை. ஊர் திரும்பியதிலிருந்து நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. நான் விளையாட்டு வீரன் அல்லன். நாற்பதைக் கடந்தவன், உட்கார்ந்து வேலை செய்பவன். இந்தப் பதில்களை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு தூரம்? எத்தனை நாள் தேவைப்படும்?

ஊருக்குள் சுற்றியதையும் சேர்த்தால் ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். எனக்கு 51 நாள் ஆயிற்று. அவற்றில் 43 நாள் மிதித்தேன், எட்டு நாள் ஓய்வு. கணக்கு எளிது: நாளுக்கு 85 முதல் 90 கிலோமீட்டர், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, எதிர்பாராத மழைக்கோ காய்ச்சலுக்கோ இரண்டு மூன்று நாள். ஏழு வார விடுப்பு கிடைக்காதவர்கள் பயணத்தை இரண்டாகப் பிரித்து, ஓர் ஆண்டில் நாக்பூர் வரையும் அடுத்த ஆண்டில் அங்கிருந்து வடக்கேயும் போகலாம். நாக்பூர் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. எல்லாத் திசைக்கும் ரயிலும் உண்டு.

நாளுக்கு 200 கிலோமீட்டர் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பயிற்சிக்கு அது மிக நல்ல வழி. ஆனால் ஒரு நாள் 200 போவதற்கும், பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடு ஆறு வாரம் தொடர்ந்து 85 போவதற்கும் உடல் கேட்பது வேறு வேறு. இரண்டாவதற்கு வேகத்தைவிடத் தூக்கமும் சோறும் முக்கியம்.

எந்த மாதத்தில் புறப்படலாம்?

எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை வேண்டவே வேண்டாம்: அனந்தப்பூர், அடிலாபாத், நாக்பூர், ஜான்சி என்று நீளும் நடுப்பகுதி முழுவதும் அப்போது கொதிக்கும், நாக்பூரில் 45 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. ஜூலை, ஆகஸ்டில் மத்திய இந்தியாவில் மழை. ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் மண்சரிவு. டிசம்பர், ஜனவரியில் தெற்கே சுகமாக இருக்கும், ஆனால் டெல்லி, ஹரியாணா, பஞ்சாப் சமவெளியில் காலை பத்து மணி வரை மூடுபனி விலகாது. அந்த நேரத்தில் லாரிக்காரருக்கு உங்கள் சைக்கிள் தெரிய வாய்ப்பே இல்லை. காஷ்மீரிலோ டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் சில்லாய் கலான் என்னும் கடுங்குளிர். சாலை எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

ஆக மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள். பிப்ரவரி தொடக்கத்தில் புறப்பட்டால் மார்ச் கடைசியில் காஷ்மீரை அடையலாம். ஆனால் மார்ச்சில் நாக்பூருக்கு வடக்கே வெயில் ஏறத் தொடங்கிவிடும், ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் ராம்பன் பக்கம் பனி உருகிக் கற்களும் விழும். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் புறப்பட்டால் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தமிழ்நாட்டைக் கடந்துவிடலாம். தென்மேற்குப் பருவமழை விலகும் நேரத்தில் நாக்பூரை எட்டலாம். அக்டோபர் இறுதியில், ஸ்ரீநகரை ஒட்டிய பாம்பூர் வயல்களில் குங்குமப்பூ பூக்கும் வாரத்தில், ஸ்ரீநகருக்குள் நுழையலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். அதற்கும் விலை உண்டு: தெலங்கானாவில் நான்கு நாள் நனைந்தேன், பஞ்சாபில் நெல் அறுத்த வயல்களில் தாளுக்குத் தீ வைக்கும் பருவம் அப்போதே தொடங்கிவிட்டதால், மாலை நேரங்களில் புகை தொண்டையை அடைத்தது.

தெற்கிலிருந்து வடக்கே போவது நல்லதா, வடக்கிலிருந்து தெற்கே வருவதா?

வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால் தெற்கே வருவது இறக்கம் என்று சிலர் உண்மையாகவே நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்குத் தெற்கில் தொடங்குவதில் ஒரு வசதி உண்டு: முதல் வாரத்தில்தான் சைக்கிளில் எல்லாக் கோளாறும் வெளிப்படும், அந்த வாரத்தில் நாம் நம் மொழி பேசும் ஊர்களில் இருப்போம். கடினமான மலைப்பகுதி கடைசியில் வருவதும் நல்லதே; அதற்குள் கால்கள் பழகியிருக்கும்.

எந்தச் சைக்கிளை எடுத்துச் செல்வது?

பார்க்க அழகானதை அல்ல, வழியில் பழுதுபார்க்க முடிந்ததை எடுத்துச் செல்லுங்கள். இரும்புச் சட்டம், முன்னே இரண்டு அல்லது மூன்று பல்சக்கரம், பின்னே ஏழு அல்லது எட்டு, கேரியர் பூட்டுவதற்குத் திருகுத் துளைகள், 36 கம்பி வைத்த சக்கரம்: இவை இருந்தால் போதும். அலுமினியச் சட்டமும் தாங்கும், ஆனால் உடைந்தால் ஊர்ப் பட்டறையில் பற்றவைக்க முடியாது. கார்பன் சட்டத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

சக்கர அளவில் நான் பிடிவாதமாக 26 அங்குலத்தைத் தேர்ந்தேன். 700சி என்னும் பெரிய சக்கரம் சற்று வேகமாக ஓடும் என்பது உண்மை. ஆனால் வழியில் வரும் சிற்றூர்களான பெனுகொண்டாவிலோ லக்னாதோனிலோ அதற்கு டியூப் கிடைக்குமா என்று யோசித்துப் பாருங்கள். டியூபின் வால்வு, கார் டயரில் இருப்பதைப் போன்ற தடித்த வகையாக இருக்கட்டும். அப்போது எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

கியரே இல்லாத சாதாரணச் சைக்கிளில் போக முடியுமா என்றும் கேட்கிறார்கள். ஜம்மு வரை தாராளமாகப் போகலாம். ஏற்றம் வரும் இடங்களில் இறங்கித் தள்ளினால் போயிற்று. அதற்குப் பிறகு தள்ளுவதே வேலையாகிவிடும். 1923இல் பம்பாயிலிருந்து கியர் இல்லாத சைக்கிள்களில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர்களில் மூவர் 1928இல் ஊர் திரும்பினார்கள். வண்டி மட்டும்தான் தடை என்று சொல்பவர்களுக்கு நான் அவர்களைத்தான் நினைவூட்டுவேன்.

வழியில் பழுதானால் என்ன செய்வது?

பஞ்சர் ஒட்டவும், செயினைப் பிரித்துச் சேர்க்கவும், பிரேக் கட்டை மாற்றவும் தெரியாமல் புறப்படக் கூடாது. உங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தால் எல்லாம் வந்துவிடும். எனக்கு மொத்தம் 14 பஞ்சர். அவற்றில் ஒன்பதுக்குக் காரணம் முள்ளோ ஆணியோ அல்ல, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிச் சாலையோரத்தில் கிடக்கும் மயிரிழை போன்ற இரும்புக் கம்பித் துணுக்குகள். இவை டயருக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். டியூபை மட்டும் ஒட்டிவிட்டுப் புறப்பட்டால் ஐந்து கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கும். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்துப் பார்த்து, துணி எங்கே சிக்குகிறதோ அங்கே துணுக்கைச் சிறு இடுக்கியால் பிடுங்க வேண்டும். இரண்டாம் நாளே, கோவில்பட்டிக்கு முன்னால், ஒரே இடத்தில் மூன்று முறை ஒட்டியபிறகுதான் எனக்கு இது புரிந்தது.

அடுத்த பெரிய தொல்லை கம்பி அறுவது. சுமை முழுதும் பின்சக்கரத்தில் இருப்பதால், பிரீவீல் என்னும் பின் பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கக் கம்பிகள்தான் முதலில் போகும். அளவு சரியான நான்கு கம்பிகளைச் சட்டத்தோடு ஒட்டிக் கட்டிவைத்துக்கொள்ளுங்கள். கம்பியை மாற்றிச் சக்கரத்தைக் கோட்டம் எடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் எல்லாச் சிற்றூரிலும் இன்னும் இருக்கிறார். நவீன கியரைக் கண்டால் அவர் தயங்குவார், ஆனால் கோட்டம் எடுப்பதில் நகரத்துக் கடைகளைவிட அவருடைய கை சுத்தம். பின் கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் என்னும் சிறு உலோகத் துண்டு மட்டும் உங்கள் வண்டிக்கே உரிய அளவில் இருக்கும். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் அது வளையும், வேறு எங்கும் கிடைக்காது. ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சுமை எடுத்துச் செல்லலாம்?

தண்ணீர் நீங்கலாகப் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். நான் 17 கிலோவோடு புறப்பட்டேன்; மதுரையில் ஓர் உறவினர் வீட்டில் ஐந்து கிலோவை இறக்கிவைத்தேன். அதில் கூடாரம், அடுப்பு, இரண்டு புத்தகம், ஒரு ஜோடி தோல் செருப்பு எல்லாம் இருந்தன. இறக்கிவைத்த எதையும் பிறகு நான் தேடவில்லை. முதுகில் பை மாட்டக் கூடாது. முழுச் சுமையும் கேரியரின் இருபுறப் பைகளில் தாழ்வாக இருக்க வேண்டும். கம்பளிச் சட்டை, கையுறை, காது மூடும் தொப்பி ஆகியவற்றை லூதியானாவில் வாங்கிக்கொள்ளலாம். கம்பளி ஆடைக்குப் பெயர்போன ஊர் அது. கன்னியாகுமரியிலிருந்து அவற்றைச் சுமந்து போவது வீண்.

ஏற்ற இறக்கம் எப்படி? எந்த இடங்கள் கடினம்?

தொடக்கத்திலேயே காற்றுதான் சோதிக்கும். காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர்ப் பகுதியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று செப்டம்பரிலும் ஓயாது. காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமே அதுதான். வடக்கு நோக்கிப் போகிறவரை அது இடப்புறத்திலிருந்து அறைந்து, வலப்புறம் லாரிகள் போகும் பாதைக்குத் தள்ளும். பேருந்து ஒன்று கடக்கும் நொடியில் காற்று நின்று, கடந்ததும் மறுபடியும் அறையும். அந்த ஆட்டத்தில்தான் ஆள் விழுவார். காற்று எழுமுன், விடியற்காலையில் அந்த நாற்பது கிலோமீட்டரைக் கடந்துவிடுங்கள்.

கரூர் வரை பெரிய ஏற்றம் இல்லை. பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்து, நாமக்கல், சேலம் தாண்டியதும் தொப்பூர்க் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் பாதையில்தான் லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்தாகும். நமக்கு எதிர்ப் பாதையில் ஏற்றம், மூச்சு வாங்கினாலும் ஆபத்து குறைவு. அதன்பின் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என்று படிப்படியாக ஏறி, 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரை அடைவோம். அங்கிருந்து அனந்தப்பூர், கர்நூல் வரை மொத்தத்தில் இறக்கம்தான், ஆனால் சாலை அலை அலையாக ஏறி இறங்குவதால் அது காலுக்குத் தெரியாது. நிர்மலுக்கு அப்பால் காட்டோடு ஓர் ஏற்றம். நாக்பூருக்கு அப்பால் பெஞ்ச் புலிகள் காப்பகம். அங்கே விலங்குகள் கீழே கடந்து போகும்படி நெடுஞ்சாலையையே தூண்கள்மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள்; அவற்றில் நீளமானது 750 மீட்டர். பகலில் கூட்டமாக லாரிகள் போகும் சாலைதான், ஆனால் மாலை நான்கு மணிக்குமேல் அந்தப் பகுதிக்குள் நுழையாதீர்கள்.

நர்மதையைக் கடந்து சாகர், லலித்பூர், ஜான்சி, குவாலியர் வழியாகச் சம்பல் பள்ளத்தாக்கை அடைந்தால், ஆக்ராவிலிருந்து ஜம்மு எல்லை வரை கிட்டத்தட்ட சமதரை. இங்கே கடினமானது நிலம் அல்ல, நெரிசல். டெல்லிக்கு வடக்கே பானிப்பட், கர்னால் பக்கம் பழைய பெருவழிச் சாலையின் ஓரத்தில் தொலைவு காட்ட நிறுத்திய முகலாயர் காலத்துத் தூண்களான கோஸ் மினார்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் காலத்துப் பயணியும் அடுத்த தூண் எப்போது வரும் என்றுதான் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு மிதித்தால் அந்த அலுப்பான சமவெளி கொஞ்சம் விறுவிறுப்பாகும்.

தேசிய நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா? லாரிகள் ஆபத்தில்லையா?

44ஆம் எண் சாலையில் பொதுவாக அனுமதி உண்டு; சுங்கச்சாவடியில் கட்டணம் இல்லை. சில மேம்பாலங்களிலும் வெளிவட்டச் சாலைகளிலும் தடை இருக்கிறது. ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கே அனுமதியில்லை. நகரங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பதாகத் திட்டமிட்டால் பாதித் தொல்லை குறையும்.

லாரி ஓட்டுநர்களைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. பெரும்பாலும் ஒலி எழுப்பிவிட்டு விலகித்தான் போனார்கள். நான் பயந்தது எதிர்த்திசையில், நம்முடைய ஓரத்திலேயே, விளக்கில்லாமல் வரும் மோட்டார் சைக்கிள்களுக்கும் கரும்பு டிராக்டர்களுக்கும்தான். நான்குவழிச் சாலையில் திரும்பும் இடம் தொலைவில் இருப்பதால் உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் வருவார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒளிரும் மேலாடை, பகலிலும் எரியும் பின்விளக்கு, கைப்பிடியில் வலப்புறம் ஒரு கண்ணாடி ஆகிய மூன்றும் கட்டாயம். விபத்தென்றால் 112, நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

தனியாகப் போவதில் உண்மையான சிரமம் எது?

தீர்மானம் எடுப்பது. இருவர் போனால் ஒருவர் களைத்திருக்கும்போது இன்னொருவர் யோசிப்பார். தனியாகப் போகிறவர், தண்ணீர் தீர்ந்து, தலை காய்ந்து, காலில் வலுவற்று நிற்கும் நேரத்தில்தான், இங்கேயே தங்குவதா, அடுத்த ஊருக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்து மூளையை நம்பக் கூடாது. கர்நூலுக்கு முன்பு ஒருநாள், மாலை ஐந்தரைக்கு நல்ல விடுதி ஒன்றைப் பார்த்தும், இன்னும் இருபது கிலோமீட்டர்தானே என்று மேலே போனேன். மழை பிடித்தது, விளக்கில் மின்சாரம் தீர்ந்தது, இரவு ஒன்பது மணிக்கு ஒரு பருத்தி ஆலையின் காவலாளி கூப்பிட்டு உட்கார வைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

அதன்பிறகு விதிகளைக் காலையிலேயே, தெளிந்த தலையோடு, எழுதிவைக்கத் தொடங்கினேன். விடியும்போது புறப்படுவது, பதினொரு மணிக்குள் அறுபது கிலோமீட்டர், வெயிலில் மூன்று மணி நேரம் நிழலில், நான்கு மணிக்கு எங்கே இருக்கிறேனோ அதற்கு அடுத்து வரும் முதல் ஊரில் தங்குவது. நான்கு மணிக்குப் பிறகு எந்த விதியையும் மாற்றுவதில்லை. வாகன ஓட்டி ஒருவர் லிப்ட் தருவதாகச் சொன்னாலும், சாலை நன்றாக இருந்தாலும், காற்று பின்னாலிருந்து தள்ளினாலும் சரி. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவில் எங்கே தங்குவது?

தெற்கே எல்லா ஊரிலும் லாட்ஜ் உண்டு. சைக்கிளை அறைக்குள் வைக்க அனுமதி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தரைத்தளத்து அறை கிடைத்தால் நல்லது. மத்தியப் பிரதேசத்தில் ஊர்களுக்கிடையே இடைவெளி அதிகம்; அங்கே தாபா என்னும் சாலையோர உணவகங்களில் கயிற்றுக் கட்டிலில் படுக்கலாம், இரவு உணவு அங்கேயே சாப்பிட்டால் போதும், பெரும்பாலும் கட்டிலுக்குப் பணம் கேட்பதில்லை. ஹரியாணாவிலும் பஞ்சாபிலும் சீக்கியர் கோயிலான குருத்துவாரா இருக்கிறது: தலையை மூடிக்கொண்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கேட்டால், இடம் இருக்குமானால் தருவார்கள், லங்கர் என்னும் அங்குள்ள பொதுச் சமையற்கூடத்தில் உணவும் உண்டு. காலையில் கிளம்புமுன் பாத்திரம் துலக்கியோ கூட்டிப் பெருக்கியோ கைகொடுப்பது முறை. ஆதார் அட்டையின் நகல்கள் பத்து வைத்திருங்கள்.

உணவும் தண்ணீரும்?

சுமையோடு நூறு கிலோமீட்டர் மிதித்தால் வழக்கமான உணவுக்கு மேல் இன்னும் ஒரு மடங்குக்குப் பக்கமாகத் தேவைப்படும். பசித்தபின் சாப்பிடுவது தாமதம். மணிக்கு ஒருமுறை கடலை மிட்டாயோ வாழைப்பழமோ உள்ளே போக வேண்டும். வியர்வையில் உப்பு போய்விடுவதால் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். மோர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஏதாவது ஒன்று நாளுக்கு இரண்டு முறை வேண்டும்.

சாலை நெடுக உணவு மாறிக்கொண்டே வருவது இந்தப் பயணத்தின் தனிச் சுகம். இட்லியும் பொங்கலும் ஓசூரோடு சுருங்கிவிடும் என்று பயந்தேன். அனந்தப்பூரில் பொரியைத் தாளித்துச் செய்த உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும் அந்தப் பயத்தைப் போக்கின. அடிலாபாத்தில் சோள ரொட்டி, நாக்பூரில் காரக் குழம்பு ஊற்றிய அவல், சிவனியில் அதே அவலோடு ஜிலேபி, பஞ்சாபில் வெண்ணெய் மிதக்கும் பராத்தா. ராம்பனுக்கு முன்னால் பீடா என்னும் சிற்றூரில் கிடைக்கும் ராஜ்மா சோறுக்கு நெய் ஊற்றித் தருவார்கள். அன்று நான் மூன்று தட்டு சாப்பிட்டேன், வெட்கப்படவில்லை. ஒரு நாட்டை உணவால் அளக்கலாம் என்றால் சைக்கிள்தான் சரியான வேகம்.

இந்தி தெரியாதே?

எனக்கும் சரியாகத் தெரியாது. தண்ணீர், சாப்பாடு, அறை, பஞ்சர், எவ்வளவு, இடது, வலது ஆகியவற்றுக்குத் தெலுங்கிலும் இந்தியிலும் சொல் தெரிந்தால் போதும். வண்டியின் முன்னே எங்கிருந்து எங்கே போகிறோம் என்று இந்தியில் ஒரு சிறு அட்டை எழுதிக் கட்டிவிட்டால் பேச்சை எதிரில் இருப்பவரே தொடங்குவார்.

உடம்பில் என்னென்ன வலிக்கும்?

முழங்கால் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வாக இருக்கிறது என்று பொருள். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளும்படி உயரத்தை வையுங்கள். கனத்த கியரில் அழுத்தி மிதிப்பதைவிட இலேசான கியரில் வேகமாகச் சுற்றுவது மூட்டுக்கு நல்லது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது கைப்பிடியில் உள்ளங்கையின் ஓரத்தை ஊன்றுவதால்; பிடியை அடிக்கடி மாற்றுங்கள், அலட்சியம் செய்தால் மாதக்கணக்கில் தீராது. தொடை இடுக்குப் புண்ணைப் பற்றிப் பலர் கூச்சத்தால் கேட்பதில்லை: பஞ்சு வைத்த அரைக்காற்சட்டைக்குள் உள்ளாடை அணியக் கூடாது, அதைத் தினமும் துவைக்க வேண்டும், ஆகவே இரண்டு வேண்டும்.

நாய் துரத்தினால்?

வேகமாக மிதிக்காதீர்கள். நின்று, இறங்கி, சைக்கிளை இடையில் வைத்துக்கொண்டு அதட்டினால் பெரும்பாலும் போய்விடும். கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்திலேயே ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த தவணைகள் வேறு ஊர்களில் விழும் என்பதால் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள், வழியில் இருவரைச் சந்தித்தேன். ஆனால் ஆணாகிய நான் பாதுகாப்பாக இருந்தேன் என்பதை வைத்து அவர்களுக்கு உறுதி சொல்வது நேர்மையாகாது. அவர்களில் ஒருவர் சொன்னது இது: தங்குமிடத்தை முதல் நாளே தொலைபேசியில் பேசி முடிவு செய்கிறார், தாபாக் கட்டிலைத் தவிர்த்து, குருத்துவாராவையோ குடும்பங்கள் தங்கும் விடுதியையோ தேர்கிறார், யார் கேட்டாலும், பின்னால் நண்பர்கள் வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார், தன் இருப்பிடத்தை வீட்டார் இருவருக்கு மட்டும் நேரலையில் பகிர்கிறார், பொதுவெளியில் ஒருநாள் தாமதித்தே படம் போடுகிறார். கடைசியாகச் சொன்னதை ஆண்களும் பின்பற்றலாம்.

ஜம்மு–ஸ்ரீநகர்ப் பகுதி மிகக் கடினம் என்கிறார்களே?

தூரம் 270 கிலோமீட்டர்தான். எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஜம்மு 300 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. உதம்பூரைத் தாண்டிச் செனானியில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று 2017இல் திறந்த ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் நீளச் சுரங்கம். மற்றது குத், பட்னிடாப் வழியாக 2,000 மீட்டருக்கு மேல் ஏறி பட்டோட்டில் இறங்கும் பழைய சாலை. சுரங்கத்தின் புகையும் இரைச்சலும் சைக்கிளுக்கு ஒத்துவராது. பழைய சாலை நீளம், செங்குத்து, ஆனால் வாகனம் குறைந்துவிட்டதால் தேவதாரு மரங்களின் நடுவே அமைதியாகக் கிடக்கிறது. மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடித்த நாள் அதுதான்.

அதன்பின் ஏறியதையெல்லாம் இழந்து செனாப் ஆற்றங்கரையில் ராம்பனுக்கு இறங்குவோம். ராம்பனிலிருந்து பனிஹால் வரை மலையை வெட்டி அகலப்படுத்திய சரிவுகள். மண் இறுகாததால் சிறு மழைக்கும் கல் உருளும். ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துக் காவல்துறை சாலை நிலவரத்தை அன்றாடம் அறிவிக்கிறது. அதைப் பார்க்காமல் காலையில் கிளம்பாதீர்கள். மழை பெய்தால் அந்தப் பகுதிக்குள் போகவே வேண்டாம், ஒரு நாள் போனால் போகட்டும். பனிஹாலிலிருந்து காசிகுண்ட் வரை, எட்டரைக் கிலோமீட்டர் நீளப் புதிய சுரங்கத்தைத் தாண்ட, ஆப்பிள் பெட்டி ஏற்றப் போன சிற்றுந்து ஒன்றில் சைக்கிளைப் போட்டுக்கொண்டேன். முழுப் பயணத்தில் நான் மிதிக்காத தூரம் அது மட்டுமே. ‘அப்படியானால் முழுதாகப் போகவில்லையே’ என்று கேட்பவர்களிடம் ‘ஆமாம்’ என்றுதான் சொல்கிறேன். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தால் சமதரை, நெட்டிலிங்கம் போல நிமிர்ந்த மரங்கள், அறுவடை முடிந்த வயல்கள். அக்டோபர் கடைசியில் இரவில் கை விறைக்கும்; காலையில் ரொட்டிக் கடையில் சூடான கிர்தா ரொட்டியும் உப்புத் தேநீரும் உண்டுவிட்டு எட்டு மணிக்கு மேல் கிளம்பலாம்.

தொலைபேசி வேலை செய்யுமா?

ராவி ஆற்றைத் தாண்டி, ஜம்மு காஷ்மீர் எல்லையில் இருக்கும் லக்கன்பூருக்குள் நுழைந்ததும், வேறு மாநிலத்தில் வாங்கிய பிரீபெய்டு சிம் செயலிழக்கும். போஸ்ட்பெய்டு வேலை செய்யும். புறப்படுமுன் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மலையேறும் வாரத்தில் வீட்டில் இருப்பவர்கள் தூங்கமாட்டார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

சைக்கிளை நீக்கிப் பார்த்தால், அறைக்கும் உணவுக்கும் சேர்த்து நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் எனக்கு ஆயிற்று. அறை வாடகைதான் பெரிய பங்கு. பையில் இரண்டாயிரம் ரூபாய் சில்லறையாக இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் தாபாக்காரரிடம் க்யூஆர் கோடு இருந்தும் பயனில்லை.

திரும்பி வருவது எப்படி?

ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு வரை சைக்கிளைச் சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டு, நான் பகிர்வுக் காரில் வந்தேன். கத்ராவிலிருந்து கன்னியாகுமரிக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் விரைவு ரயில் உண்டு, ஜம்முவிலும் நிற்கும், ஏறக்குறைய மூன்று நாள் பயணம். சைக்கிளை ரயில்நிலையப் பார்சல் அலுவலகத்தில் முந்தின நாளே கொடுத்துவிடுவது நல்லது. பெடல்களைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, பின் கியரைச் சுற்றி அட்டை வைத்துக் கட்டி, சாக்கால் மூடித் தைத்து, பெயரும் இறங்கும் ஊரும் இரண்டு இடத்தில் எழுதிவிடுங்கள். நான் ஓர் இடத்தில்தான் எழுதினேன். அந்தச் சாக்கு கிழிந்துபோய், நான் வந்து நான்கு நாள் கழித்துத்தான் என் சைக்கிள் ஊர் வந்து சேர்ந்தது. வரும்போது பின்சக்கரத்தில் இரண்டு கம்பி அறுந்திருந்தன.